எதற்காக இத்தனை பக்கம்? நெடுநாவல் தேர்வு பற்றி ஓர் ஆய்வு

தில்லி மயூர் விஹார் முதல் பகுதி மெட்ரோ நிலையத்தில் நீலத் தடத்து வண்டி ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் மண்டி ஹவுஸ். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பெரோஸ்ஷா சாலை, ரவீந்திர பவன், அதற்குள் சாகித்திய அகாதெமியும் அதன் பன்மொழி நூலகமும். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கினால் பிரகதி மைதானம். 1972-இல் தொடங்கிய உலகப் புத்தகக் கண்காட்சி இப்போது அங்கேதான் ஆண்டுதோறும் நடக்கிறது. 2018 கடைசியில் இளஞ்சிவப்புத் தடம் வந்ததிலிருந்து ஆர்.கே.புரம் தில்லித் தமிழ்ச் சங்கத்துக்குப் போகிறவர்கள் பிகாஜி காமா பிளேஸ் வரை வண்டி மாறாமல் போகலாம். யமுனைக்குக் கிழக்கே குடியிருக்கும் தமிழ் வாசகருக்குப் புத்தகம் எட்டாத தூரத்தில் இல்லை. அவருக்கு எட்டாமல் இருப்பது நேரம்.

அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 30 பக்கம் என்று வைத்துக்கொண்டால், சு. வெங்கடேசனின் 1,048 பக்கக் ‘காவல் கோட்டம்’ முடிய 35 மணி நேரம் ஆகும். அலுவலகத்துக்குப் போக அரை மணி, வர அரை மணி, மாதத்துக்கு 22 வேலை நாள், எல்லா நாளும் உட்கார இடம் கிடைத்தது என்றே வைத்தாலும் ஒன்றரை மாதத்துக்கு மேல். ஆண்டுக்கு இப்படி ஆறு நாவல் என்றால் இருபது ஆண்டில் 120. தமிழில் எழுதப்பட்டவை, தமிழுக்கு வந்த வங்கம், மலையாளம், கன்னடம், ருஷ்யம் எல்லாவற்றையும் சேர்த்து, மனிதர் ஒருவருக்கு வாய்ப்பது இவ்வளவே. ஒரு கவிதைத் தொகுப்பைத் தவறாகத் தேர்ந்தால் ஒரு மாலை போகும். நெடுநாவலைத் தவறாகத் தேர்ந்தால் ஒரு பருவமே போய்விடும்.

எது நல்ல நெடுநாவல் என்று கேட்டால் பெரும்பாலும் பட்டியல்தான் கையில் கிடைக்கும். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்: இந்த நாவல் ஏன் நீண்டது? எழுதுகிறவரின் பார்வை மட்டுமே நாவலை நீட்டுவதில்லை. வார இதழ், வாடகை நூலகம், அரசு மானியம், அச்சுச் செலவு, இணையம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. காரணம் தெரிந்துவிட்டால், நேரம் கொடுக்கலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். இங்கே நெடுநாவல் என்று சொல்வது, பல நூறு பக்கம் நீள்பவற்றை.

நீளம் எங்கிருந்து வருகிறது

தமிழில் நீளத்துக்கு முதல் காரணம் வாரத் தொடர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் அவருடைய இதழிலேயே தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. புத்தகமானபோது ஐந்து பாகம். வாரந்தோறும் வாசகரைத் திரும்ப வரவழைக்க வேண்டும், போன வாரம் படிக்காதவருக்கும் கதை புரிய வேண்டும் என்ற இரண்டு கட்டாயங்கள் அந்த நடையில் பதிந்திருக்கின்றன. அத்தியாயம் திருப்பத்தில் முடியும். அடுத்த அத்தியாயம் முன்கதையை லேசாகத் தொட்டுவிட்டுக் கிளம்பும். அதனால் பக்கம் அதிகமாக இருந்தாலும் மணிக்கணக்கு அவ்வளவு ஏறுவதில்லை. மணிக்கு 30 பக்கம் என்ற நம் கணக்கு இந்த நாவலிடம் தோற்றுப்போகும். ஆக, நீளத்தைப் பக்கத்தில் அளப்பதைவிட மணியில் அளப்பதே நேர்மையானது.

தொடராக வந்தது என்ற ஒரே காரணத்துக்காக நாவலை ஒதுக்கவும் முடியாது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ ‘சுதேசமித்திரன்’ வார இதழில் தொடராக வந்ததுதான். ஆனால் அதன் நீளம் வேறு வேலை செய்கிறது. பாபு யமுனாவுக்காகக் காத்திருப்பது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ரங்கண்ணாவிடம் சங்கீதம் கற்பதும் அப்படியே. காத்திருப்பைச் சுருக்கமாகச் சொன்னால் வாசகருக்குத் தகவல் கிடைக்கும், காத்திருந்த அலுப்பு கிடைக்காது. நானூறு பக்கம் கடந்து வந்தவருக்கு மட்டுமே கடைசிப் பகுதி கனக்கும். அதே தொடர் வடிவம் கல்கியிடம் வேகமாகவும் ஜானகிராமனிடம் தாமதமாகவும் மாறியிருக்கிறது.

உலக இலக்கியத்திலும் இதே கதைதான். டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலின் முற்பகுதி 1865 முதல் ஒரு ருஷ்ய மாத இதழில் ‘1805’ என்ற தலைப்பில் வெளிவந்தது. பிறகு அவர் தொடரை நிறுத்தி, திருத்தி எழுதி, 1868–69-இல் முழுநூலாகக் கொண்டுவந்தார். தொடர் முடிந்ததும் அப்படியே அச்சுக்குப் போன நாவலுக்கும், புத்தகத்துக்காக மறுபடி எழுதப்பட்ட நாவலுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் வியாபாரம். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாவல் என்றால் மூன்று தொகுதி. சார்லஸ் எட்வர்ட் மூடி 1842-இல் தொடங்கிய வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி சந்தா; ஒரு தடவைக்கு ஒரு தொகுதிதான் எடுக்கலாம். நாவல் மூன்று தொகுதியாக இருந்தால் ஒரே பிரதியை மூன்று சந்தாதாரர்கள் ஒரே நேரத்தில் படிக்கலாம். எனவே ஒரு தொகுதிக்குப் போதுமான கதையையும் எழுத்தாளர்கள் மூன்றுக்கு இழுத்தார்கள். 1894-இல் மூடியும் மற்றொரு வாடகை நூலகமான ஸ்மித்தும் இனி இந்த விலைக்கு வாங்க முடியாது என்று கைவிரித்ததும் மூன்று தொகுதி நாவல் சில ஆண்டுகளுக்குள் மறைந்துபோனது. கலை வடிவம் என்று நம்பப்பட்டது ஒரு கொள்முதல் முறையோடு போய்விட்டது.

தமிழில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. வணிக இதழ்களுக்கு வெளியே எழுதியவர்களுக்கு முதலீடு இல்லை. சிற்றிதழ்க்காரரோ அவரை ஒட்டிய சிறு பதிப்பாளரோ ஆயிரம் பக்கத்துக்குக் காகிதம் வாங்க முடியாது. 1965-இல் தில்லியிலிருந்து கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய ‘கணையாழி’ குறுநாவலுக்குக் களமானது. ஜானகிராமன் நினைவாகக் குறுநாவல் போட்டியும் நடத்தியது. அந்த நாள்களின் நல்ல தமிழ் நாவல்கள் பல மெலிந்திருப்பதற்கு அழகியல் எவ்வளவு காரணமோ, அச்சுச் செலவும் அவ்வளவு காரணம். மெலிந்தது எல்லாம் இறுக்கமானது என்ற நம்பிக்கையையும் ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கணினி அச்சுக்கோப்பு பரவிய பிறகுதான் நிலைமை மாறியது. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 1997-இல் வந்தது. அதன் பிறகு வந்த பதினைந்து ஆண்டுகளில் ஆயிரம் பக்கம் தமிழ்ப் பதிப்புலகில் அதிசயமாக இல்லாமல் போயிற்று.

மூன்றாவது காரணம், எழுதுகிறவரே பதிப்பாளராவது. ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா தன் கடைசிக் காலத்தில் ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று தொகுதி நாவலைத் தாமே வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு 2001-இல் அதற்கு அகாதெமி விருது கிடைத்தது. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற ஒருவர் தன் நினைவிலிருந்த எதையும் விட மனமின்றி எழுதியது அது. வெட்டச் சொல்ல வெளியே ஒருவர் இல்லை. இணையம் இந்த நிலையை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 தொடக்கத்திலிருந்து 2020 வரை இணையத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக வந்து 26 நாவல்களாக முடிந்தது. வாரத் தொடர் நாள் தொடராகத் திரும்பி வந்தது. நடுவில் பத்திரிகை ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. வந்த நாளிலேயே காலையில் ஓர் அத்தியாயம் என்று படித்தவர்களின் அனுபவமும், இன்று 26 நூல்களையும் முன்னால் அடுக்கிவைத்துக்கொண்டு தயங்குகிறவரின் அனுபவமும் ஒன்றாக இருக்காது. பின்னவருக்கு ஒரு வழி உண்டு: ஒவ்வொரு நாவலும் தனித்தும் நிற்கும்படி அமைந்திருப்பதால், ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

ஊரே நாயகன்

நான்காவது காரணம்தான் வாசகரின் நேரத்துக்கு அதிகம் ஈடு தருவது. ஓர் ஊர், ஒரு குலம், ஒரு நிலம் தலைமுறைகள் வழியாக மாறுவதே பொருளாகும்போது நீளம் தவிர்க்க முடியாததாகிறது.

இதற்கு மயூர் விஹாரிலேயே ஒருவர் இருந்தார். இந்தி நாவலாசிரியர் கிருஷ்ணா சோப்தி தன் கடைசிக் காலத்தை இங்கே கழித்தார். 2019 ஜனவரியில் மறைந்தார். 2017-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றவர். அவருடைய ‘மித்ரோ மர்ஜானி’, ‘ஏ லட்கி’ போன்றவை ஒரு மாலைக்குள் படித்துவிடக்கூடியவை. 1979-இல் வந்த ‘ஜிந்தகிநாமா’ மட்டும் வேறு. 1952-இல் ‘சன்னா’ என்ற பெயரில் அலகாபாத் அச்சகம் ஒன்றுக்கு அவர் கொடுத்த நாவலில், பஞ்சாபிச் சொற்களை எடுத்துவிட்டு சமஸ்கிருதம் கலந்த இந்தியைப் போட்டுவிட்டார்கள். அச்சான வரைக்கும் செலவைத் தாமே ஏற்று அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கால் நூற்றாண்டு கிடப்பில் இருந்த கைப்பிரதி மறுபடி எழுதப்பட்டு ‘ஜிந்தகிநாமா’ ஆயிற்று. அடுத்த ஆண்டே அகாதெமி விருதும் வந்தது.

அதில் கதைத்தலைவன் என்று ஒருவரும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பிரிவினைக்கு நெடுநாள் முந்திய ஒரு பஞ்சாப் கிராமம். அங்கே இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கதை எப்போது தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர் நூறு பக்கத்துக்குள் புத்தகத்தை மூடிவிடுவார். அந்தப் பேச்சுதான் நாவல், அது பின்னால் இல்லாமல்போகப்போகிறது என்று தெரிந்து படிக்கிறவருக்கு ஒவ்வொரு பக்கமும் வேண்டியிருக்கும். எளிய குறுநாவல்களின் ஆசிரியர் ஒரே ஒரு தடவை இவ்வளவு விரித்து எழுதினார் என்பதே, அந்த நீளத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி.

இந்த வகை நாவல்கள் தமிழுக்கு வந்ததில் தில்லிக்குப் பெரும் பங்கு உண்டு. 1954-இல் தொடங்கிய சாகித்திய அகாதெமியும் 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டும், விற்குமா என்று பார்க்காமல் மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுத்தன. தாராசங்கர் பந்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ த.நா. குமாரஸ்வாமியின் தமிழில் வந்தது. சிவராம காரந்தின் ‘மண்ணும் மனிதரும்’, எஸ்.எல். பைரப்பாவின் ‘ஒரு குடும்பம் சிதைகிறது’, அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’, குர்அதுல்ஐன் ஹைதரின் ‘அக்னி நதி’, தகழியின் ‘கயிறு’ என்று வரிசை நீளும். எண்பதுகளுக்குப் பிறகு எழுதவந்த தமிழ் நாவலாசிரியர் பலர் இவற்றைப் படித்து வளர்ந்தவர்கள். நெடுநாவல் தமிழில் தழைத்ததற்கு அச்சு மலிவானது ஒரு காரணம் என்றால், இந்த மானியப் பதிப்புகள் இன்னொரு காரணம்.

இந்த மொழிபெயர்ப்புகளில் எதைத் தேர்வது என்பதற்கு மயூர் விஹாரின் சமூக அமைப்பு உதவுகிறது. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) குடியிருப்புகளிலும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களிலும் மலையாளிகளும் வங்காளிகளும் பஞ்சாபிகளும் தமிழர்களும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறார்கள். உத்தர குருவாயூரப்பன் கோயில் வாசலில் நிற்கிற ஓய்வுபெற்ற மலையாளி ஒருவரிடம், தகழியில் திரும்பப் படித்தது எது என்று கேட்டுப் பார்க்கலாம். ‘செம்மீன்’ எல்லோரும் சொல்வது. ‘கயிறு’ என்று சொல்கிறவர் தன் சொந்த நேரத்தைச் செலவழித்துச் சோதித்தவர். மொழிபெயர்ப்பில் வந்த நெடுநாவலைப் பொறுத்தவரை, மூலமொழியில் அது நாற்பது ஆண்டு கழித்தும் சாதாரண வாசகரால் படிக்கப்படுகிறதா என்பதைவிட நம்பத்தக்க அளவுகோல் குறைவு. அதைக் கேட்டறிய அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால் போதும் என்ற வசதி, சென்னையில் இருப்பவரைவிட மயூர் விஹாரில் இருப்பவருக்கு அதிகம்.

இதே அமைப்பிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. தில்லித் தமிழர்களிடமிருந்து சிறந்த நாவல்கள் வந்தன. ஆனால் தில்லி வாழ்வைத் தலைமுறைகளாக விரித்த நெடுநாவல் அவற்றில் இல்லை. ஆதவனின் ‘காகித மலர்கள்’, ‘என் பெயர் ராமசேஷன்’, இந்திரா பார்த்தசாரதியின் ‘தந்திர பூமி’ எல்லாமே ஒரு தலைமுறைக்குள் நிகழ்பவை. மாற்றல் உத்தரவில் வந்து, அரசுக் குடியிருப்பில் தங்கி, ஓய்வில் ஊர் திரும்பியவர்களின் வாழ்க்கைக்கு அந்த அளவே பொருந்தியது. மலையாளத்தில், நாற்பது ஆண்டு தில்லியில் வாழ்ந்த எம். முகுந்தன் 1959-இல் வண்டி ஏறிவந்த ஓர் இளைஞனில் தொடங்கி, போர்களையும் நெருக்கடி நிலையையும் 1984 சீக்கியர் படுகொலையையும் கடந்துவரும் ‘டெல்ஹி காதகள்’ என்ற பெரிய நாவலை 2011-இல் கொடுத்தார். ஓர் ஊரில் நெடுநாள் ஊன்றியவர்களிடமிருந்துதான் நெடுநாவல் வருகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. மயூர் விஹாரில் வீடு வாங்கித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இப்போது மூன்றாம் தலைமுறையை எட்டியிருக்கின்றன.

யார் சொல்லை நம்புவது

எது நல்லது என்று சொல்கிறவர்களுக்கும் தமிழில் ஒரு வரலாறு உண்டு. அதன் மையத்தில் நிற்பவரும் தில்லியில் நெடுநாள் வாழ்ந்து, 1988-இல் தில்லியிலேயே மறைந்தவர். க.நா. சுப்ரமண்யம் காரணங்களை நீட்டிச் சொல்லாமல் பெயர்களைச் சொன்னார். ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற கேள்வியையே ஒரு நூலுக்குத் தலைப்பாக வைத்தார். செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, நட் ஹாம்சனின் ‘நிலவளம்’ ஆகியவற்றைத் தமிழுக்குத் தாமே கொண்டுவந்தார். பட்டியல் போடுவது விமர்சனமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. செல்லப்பா படைப்பைப் பிரித்து அலசிக் காட்ட வேண்டும் என்றார். இலங்கையிலிருந்து க. கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலில் நாவலைச் சமூக வரலாற்றோடு வைத்துப் பார்த்தார். தனிமனித ரசனையை ஆதாரமாக ஏற்க மறுத்தார்.

மூன்றுமே தேவைதான். ஆனால் படிக்கும் முன் தேர்வு செய்யவேண்டிய வாசகருக்கு அலசலும் சமூக ஆய்வும் பெரும்பாலும் படித்த பின்னரே பயன்படும். பட்டியல் முன்னால் பயன்படும். அதோடு பட்டியலைச் சோதிக்கவும் முடியும். க.நா.சு. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். அது சிறிய நூல், இரண்டு மூன்று மணி நேர வேலை. நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலையும் உயர்த்திப் பேசி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ‘நாகம்மாள்’ பிடித்திருந்தால் ‘தலைமுறைகள்’ பற்றி அவர் சொல்வதை நம்பலாம். பிடிக்கவில்லையென்றால் மூன்று மணி நேரத்தோடு அவரிடமிருந்து விடைபெற்றுக்கொள்ளலாம். ஒருவரின் ரசனையைச் சிறிய நூலில் சோதித்துவிட்டுப் பெரிய நூலுக்கு அவர் பின்னால் போவது, பட்டியல் விமர்சனம் தன்னையறியாமல் வாசகருக்குக் கொடுத்த கருவி.

விருதுகள் இந்த வேலையைச் செய்வதில்லை. ‘காவல் கோட்டம்’ 2011-இலும், ஜோ டி குரூஸின் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ‘கொற்கை’ 2013-இலும் அகாதெமி விருது பெற்றன. ஆனால் ஜானகிராமனுக்கு விருது கிடைத்தது ‘சக்தி வைத்தியம்’ சிறுகதைத் தொகுப்புக்கு, ‘மோகமுள்’ளுக்கு இல்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. சி. மோகன் போன்ற விமர்சகர்கள் பல ஆண்டு கழித்துச் சொல்லிச் சொல்லித்தான் அது இன்றைய இடத்துக்கு வந்தது. விருதுக்கு விதி இருக்கிறது: குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் முதலில் வெளியான நூலைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நெடுநாவல் படிக்கப்படுவதற்கே காலம் பிடிக்கும் என்பதால் அந்த வாசல் சாத்தப்பட்ட பிறகு கண்டுகொள்ளப்படுவதற்கு அதற்கு வாய்ப்பு அதிகம். விருதுப் பட்டியலில் இல்லை என்பது ஒரு நெடுநாவலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நம்பத்தக்க இருவர் எதிரெதிராகச் சொன்னால்? ‘காவல் கோட்டம்’ வந்தபோது எஸ். ராமகிருஷ்ணன் அதை ஆயிரம் பக்க அபத்தம் என்று தலைப்பிலேயே தள்ளினார். ஜெயமோகன் மிக நீண்ட கட்டுரை எழுதிக் கொண்டாடினார். இருவரும் தமிழில் நிறையப் படித்தவர்கள், மற்றவர்களுக்கு நாவல் பரிந்துரைத்தவர்கள். இந்தச் சண்டையில் யார் வென்றார் என்று பார்ப்பதைவிட, சண்டை எதைப் பற்றியது என்று பார்ப்பது வாசகருக்குப் பயன் தரும். மாலிக் காபூர் படையெடுப்பிலிருந்து 1910 வரை ஏறத்தாழ 600 ஆண்டு மதுரை வரலாறு அந்நாவலில் இருக்கிறது. ஆவணங்களும் தகவல்களும் புனைவாக மாறியிருக்கின்றனவா, குவிந்து கிடக்கின்றனவா என்பதே வேறுபாட்டின் சாரம். மன்னர்களும் கோட்டையும் வரும் பகுதிகளில் தகவல் மேலோங்குவதாகத் தோன்றலாம். தாதனூர் கள்ளர்கள் வரும் இடங்களில் களவும் காவலும் ஒரே தொழிலின் இரண்டு பக்கமாக, மனிதர்களோடும் வசவுகளோடும் உயிர் பெறுகின்றன. அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்தே வசந்தபாலன் 2012-இல் ‘அரவான்’ படத்தைச் செய்தார். ஒரு பகுதியைக் கழற்றி எடுத்தாலும் அது தனியாக நிற்கிறது என்பது அந்தப் பகுதிக்குப் பெருமை. மொத்தத்தின் பின்னல் எவ்வளவு இறுக்கம் என்ற கேள்வியையும் அதுவே எழுப்புகிறது. தகவல் பெருக்கம் தொந்தரவாக இல்லாதவர் ஜெயமோகன் பக்கமும், அது தாங்காதவர் ராமகிருஷ்ணன் பக்கமும் சாய்வார்கள். எதிர்மறை விமர்சனம் சில நேரம் நமக்குப் பிடித்த புத்தகத்தை அடையாளம் காட்டும். குறை என்று அவர் சுட்டுவதே நாம் தேடுவதாக இருக்கலாம்.

கையில் எடுத்த பிறகு

இவற்றிலிருந்து நடைமுறைக்குச் சில சோதனைகளை வகுக்கலாம்.

முதலாவது, ஆசிரியரின் சிறிய நூலில் தொடங்குவது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ ரா. கிருஷ்ணையாவின் தமிழில் சிறு நூலாகக் கிடைக்கிறது. அந்தக் கதைசொல்லியின் பரபரப்பும் தன்னிரக்கமும் பிடித்தவர் ‘அசடன்’ பக்கம் போகலாம். எம்.ஏ. சுசீலா தில்லியில் வசித்த காலத்தில் மொழிபெயர்த்த நாவல் அது. சோப்தியில் ‘மித்ரோ மர்ஜானி’, தகழியில் ‘இரண்டு படி’ இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது, நடுவில் திறந்து படிப்பது. முதல் ஐம்பது பக்கத்தில் எல்லா ஆசிரியரும் கவனமாக இருப்பார்கள். கடைசி ஐம்பதிலும் அப்படியே. நீளத்துக்குக் காரணம் இருக்கிறதா என்பது சரியாக நடுப்பகுதியில் தெரியும். எண்ணூறு பக்க நாவலில் நானூறாம் பக்கத்தைத் திறந்து இருபது பக்கம் படித்தால், கதை புரியாது. ஆனால் வாக்கியங்கள் உழைக்கின்றனவா, பக்கத்தை நிரப்புகின்றனவா என்பது புரியும். கண்காட்சிக் கடையில் நின்றுகொண்டே செய்யக்கூடிய சோதனை இது.

மூன்றாவது, மொழிபெயர்ப்பைத் தனியாகச் சோதிப்பது. ‘போரும் வாழ்வும்’ டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழில் ஓடுகிறது என்றால் அவர் நாளிதழ் ஆசிரியராக இருந்து பழகிய நடைக்கு அதில் பங்குண்டு. மூல நாவல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், தமிழ் இடறினால் ஆயிரம் பக்கம் நடக்க முடியாது. உரையாடல் அதிகமுள்ள இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்தாலே இது தெரிந்துவிடும்.

நான்காவது, நிறுத்துகிற உரிமை. ஊரே நாயகனான நாவலுக்கு நூற்றைம்பது பக்கமாவது கொடுக்க வேண்டும். பெயர்களும் உறவுமுறைகளும் பிடிபடவே அவ்வளவு ஆகும். ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ அப்படித்தான் தொடங்கும்: பெரிய குடும்பம், ஏரிகள், வயல்கள், அலைந்து திரியும் பித்துப்பிடித்த பெரியவர். அந்த நிலம் கண்ணுக்குள் அமைந்த பிறகு அது விடாது. வாரத் தொடரிலிருந்து வந்த நாவலுக்கு ஐம்பது பக்கம் போதும். அங்கே பிடிக்காதது பின்னால் பிடிக்க வாய்ப்புக் குறைவு. எல்லா நாவலுக்கும் ஒரே எல்லை வைப்பதுதான் தவறு. எங்கே நிறுத்தலாம் என்பதையும் நீளத்தின் காரணமே தீர்மானிக்கிறது.

பதிப்பாளர் சொல்லவேண்டியது

காரணத்தைத் தேடும் வாசகருக்குத் தமிழ்ப் பதிப்புகள் போதுமான உதவி செய்வதில்லை. நெடுநாவல் ஒன்றை எடுத்து முதல் பக்கங்களைப் புரட்டினால், முதல் பதிப்பு எந்த ஆண்டு என்பது இருக்கும். எந்த இதழில் எப்போது தொடராக வந்தது, புத்தகமாக்கும்போது ஆசிரியர் திருத்தினாரா, எந்தப் பகுதி சேர்ந்தது அல்லது நீங்கியது, மொழிபெயர்ப்பு மூலத்திலிருந்தா ஆங்கிலம் வழியா, முழுமையா சுருக்கமா என்பவை பல நேரம் இருப்பதில்லை. மறுபதிப்பில் பழைய முன்னுரைகளும் காணாமல் போகின்றன. மானியப் பதிப்புகளின் சிக்கல் வேறு: ஒரு பதிப்பு தீர்ந்தால் அடுத்தது வர ஆண்டுகள் ஆகும், நடுவில் நாவலின் பெயர் மட்டும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இவற்றைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. தொடராக வந்த விவரமும் திருத்தத்தின் விவரமும் ஒரு பக்கத்தில் அடங்கும். தில்லித் தமிழ்ச் சங்கம் போன்ற நூலகங்கள் தம்மிடம் உள்ள நெடுநாவல்களுக்கு மட்டும் அப்படி ஒரு குறிப்புப் பட்டியல் தயாரித்தாலும், பதிப்பாளர்கள் விட்ட இடத்தை ஓரளவு நிரப்பிவிடலாம். சு. வெங்கடேசன் எழுதியதற்கும் சோப்தி எழுதியதற்கும் கல்கி எழுதியதற்கும் ஒரே அலமாரியில் ஒரே அடையாளம், ‘பெரிய நாவல்’ என்பது, இன்று இருக்கிறது. அவை எதனால் பெரியவை என்று வாசகருக்குத் தெரிந்தால், எதற்கு வேகமாக, எதற்கு மெதுவாக, எதற்கு எத்தனை மாதம் என்று அவரே முடிவு செய்துகொள்வார். இருபது ஆண்டில் கிடைக்கிற அந்த 120 இடங்களை நிரப்பும் பொறுப்பு அவருடையது. தேர்ந்தெடுக்கத் தேவையான தகவலைக் கொடுக்கும் பொறுப்பு பதிப்பாளருடையது.